மீட்டர் படிப்பவள்

இட்ரியா ஊரில் எழுநூற்றுப் பதினோரு வீடுகளின்
தண்ணீரை நான் படிக்கிறேன்.
நிலவறை இருட்டில் டார்ச் அடித்து
சிவப்பு முள் சுற்றும் வேகம் பார்த்தால் போதும்,
எந்த வீட்டுக் கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது
யாருடைய மகன் ஊர் திரும்பியிருக்கிறான்
சொல்லிவிடுவேன்.

ஆற்றை மட்டும் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு கோடை போயிற்று.
மூன்று தூண்டில் கோல், நாற்பது பொய்ப்பூச்சி,
ஒரு நாள் சீட்டுக்கு அரை நாள் கூலி.
பிடித்தவை:
ஒரு வில்லோ கிளை,
என் தொப்பி,
அக்கரையில் நின்ற யாரோ ஒருவரின் நாய்,
காதில், லேசாக.
சீட்டு விற்கும் போகோமிர்
என் காசை எண்ணும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அவ்வளவு இரக்கம் அவருக்கு.

மூன்றாம் ஏப்ரலில் சீட்டு வாங்கவில்லை.
கோலைப் பரணில் போட்டேன்.
அலுவலகப் பேரேடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு
ஐந்து மணிக்கு மேல் ஆற்றுக்குப் போனேன்.

முதல் வாரம் எழுதியது: தண்ணீர்.
இரண்டாம் வாரமும் அதுவே,
அடித்துவிட்டு: தண்ணீர்கள்.
ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது,
இரண்டுக்கும் நடுவே ஒரு தையல்.
அந்தத் தையலை விட்டு விலகாமல் போகிறது நுரை.
நுரை போகும் வழிதான் சோறு போகும் வழி.

கல்லைப் புரட்டினேன்.
மணலைப் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டி
தனக்கொரு சட்டை தைத்திருந்தது புழு.
எடுத்தபடியே வைத்தேன்,
மீட்டர் குழியின் மூடியை வைப்பது போல
சத்தம் வராமல்.

பாலத்து விளக்கடியில் சிலந்தி
நேற்றிரவு ஆற்றில் பிறந்தவர்களின் பட்டியலை
விடியும் முன்பே மாட்டிவைத்திருந்தது.
எல்லாம் சாம்பல். ஈர வைக்கோலின் சாம்பல்.
என் டப்பாவைத் திறந்தேன்:
மஞ்சள், ஊதா, மினுங்கும் பச்சை.
கடைக்காரன் எனக்குப் போட்ட தூண்டில்கள் அவை,
நாற்பதையும் விழுங்கியிருக்கிறேன்.

பாதரசம் தோண்டிய ஊர் இது.
கண்ணாடிக் குழாயில் மிச்சமிருக்கும் அதன் ஒரு துளியை
ஆற்றில் நனைத்துப் பார்ப்பேன்.
ஒன்பது டிகிரியில் ஒன்றுமில்லை.
பதினொன்றில், பிற்பகல் மூன்றரைக்கு,
மழை கீழிருந்து மேலே பெய்கிறாற்போல
வட்டங்கள்.

ஹெட்விகா வீட்டு நிலவறையில் ஒரு நாள்
வழக்கம்போல் மண்டியிட்டு எண்ணைப் படித்தேன்.
அங்கேயே சிரித்துவிட்டேன்.
முழங்கால் மடக்காமல் எந்த வீட்டுத் தண்ணீரையும்
நான் படித்ததில்லை.
ஆற்றங்கரையில் மட்டும்
தந்திக் கம்பம் போல நின்றிருக்கிறேன் இரண்டு கோடையும்,
எனக்கு முன்னே என் நிழல் போய்
எல்லாரையும் எழுப்பிவிட.

அன்று மாலை நாணலுக்குள் மண்டியிட்டேன்.
மூன்றாம் பாறைக்குப் பின்னே
பத்தொன்பது நாளாகப் பேரேட்டில்
‘கல்’ என்று எழுதிவந்த ஒன்று
வாய் திறந்து மூடியது.

செப்டம்பரில் சீட்டு கேட்டேன்.
போகோமிர் நிமிர்ந்தார்.
சீருடை ஸ்வெட்டரின் கைநுனியில் உருவிய நூலால்
சாம்பல் பூச்சி ஒன்று கட்டியிருந்தேன், கோணலாக.
மூன்றரை மணி. பதினொரு டிகிரி. முழங்கால் ஈரம்.
தையல் மேல் விழுந்தது,
நுரையோடு நுரையாகப் போனது.

கல் எழுந்து வந்தது.

கையை நனைத்துவிட்டு ஏந்தினேன்.
விலாவெங்கும் பளிங்கின் நெளிகோடுகள்,
யாரோ அவசரமாக எழுதி
எனக்குக் காட்டாமல் மறைத்த கணக்கு.
மூச்சு ஒன்று, இரண்டு, மூன்று வரை.
விட்டேன்.

மறுநாள் மூன்றாம் பாறைக்குப் பின்னே
வெறும் தண்ணீர்.
குறிப்புக் கட்டத்தில்
வேலைநாளில் எழுதுவதையே எழுதினேன்:
வீடு பூட்டியிருக்கிறது.
மறுபடி வரவேண்டும்.