காந்தம் விழுந்த இடம்

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தோடு
கதவின் அடி நெடுக ஊர்கிறேன்.
டப். ஒட்டியது. டப். ஒட்டியது.
பின்சக்கர வளைவில் வழுக்கி விழுந்தது.

"அங்கே இரும்பில்லை, பட்டி பார்த்தது"
என்றார் தபானி, நான் கேட்கும் முன்பே.
கோவோலாவில் இருபது குளிர்காலம்.
சாலைக்கு இட்ட உப்பு
தின்றது போக மிச்சம் இந்த மாஜ்டா.

காலையில் லஹ்தியில் பார்த்தது வேறு:
சிவப்பு, ஒரு கீறல் இல்லை.
சாவி தருமுன் விற்பவன்
என் கையுறையில் கறையிருக்கிறதா என்று பார்த்தான்.

வாரம் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
ஊருக்குள் நாற்பதைத் தாண்டாமல்.
ஆறாம் நாளுக்குத்தான் இது.
பந்தயத் தடத்தின் சுவரில் மோதிவிட்டால்
இழுவை வண்டிக்குக் காசு கொடுத்து
அழாமல் பஸ் ஏறி வீடு வரவேண்டும்.
அதற்கு மேல் நூறு யூரோ கூடினாலும்
வளைவுக்கு வெகு முன்பே
கால் பிரேக்கைத் தேடும்.

முன் டயரில் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது.
"நீங்களா?"
"என் மனைவி. இப்போது முதுகுவலி.
படகு வாங்கிவிட்டாள்."

பிரேக் பேடு, ஆயில், தலைக்கவசம்:
எழுநூறைத் தனியே மடித்துவைத்து
மீதியை எண்ணிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் மூன்றாம் கியர் முனகியது.
"சரி, சரி" என்றேன், வாய்விட்டு.
வண்டியில் வேறு யாருமில்லை.
அழாமல் பஸ் ஏறும் திட்டம்
அங்கேயே, ஏரிக்கரைத் திருப்பத்தில்,
கைவிட்டுப் போனது.