நூற்றிப் பதினொன்று

மூன்றாம் நாள், ஒரு கிலோகூடக் குறையமுன்
சீனி இறங்கிவிட்டது.
நேர்ஸ் மீற்றரைத் தட்டிப் பார்த்தாள்,
பிறகு என்னை.
திரும்பக் குத்தினாள். நூற்றிப் பதினொன்று.

பதினாறு வருசம் என்னோடு மல்லுக்கட்டிய இரத்தம்
குடலுக்கு வேறு பாதை போட்டதும்
சொல்வழி கேட்கிறது.

வெள்ளவத்தையில் இரவு. கொத்துக்கடைத் தகடு
அதே தாளத்தில் கூப்பிடுகிறது.
வயிற்றில் எவரும் எழும்பவில்லை.

பெருநாளுக்கு பஸ்லியா வீட்டு வட்டிலப்பம்,
அரைக் கரண்டிதான்:
நெஞ்சு படபடத்து, வேர்த்து,
அவள் கட்டிலிலேயே சரிந்தேன்.

மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறேன்.
குளிர்ப்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில்
கடைசி இன்சுலின் பேனா.
"எறியன்" என்கிறார் தவராசா.
இருக்கட்டும்.

விடிய, கடற்கரையால் முதல் ரயில் போகையில்
இடதுகை நடுவிரல்
தானாக நீள்கிறது,
குத்துக்கு.