வெளுத்த படை

பகலில் பல் செய்கிறேன்.
தெம்பனிஸில் ஒரு சின்னக் கூடம்.
முகம் பார்த்திராத யாருக்கோ கடைவாய்ப்பல்,
யாருக்கோ முன்பல்.
எந்த மஞ்சள் தேநீரால் வந்தது,
எது வயதால் என்று சொல்லிவிடுவேன்.

இரவில் அதே பூதக்கண்ணாடி, அதே இடுக்கி.
செம்பவாங், பதினோராம் மாடி,
சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ் விரித்து
சுண்டுவிரலின் முதற்கணு உயரத்தில்
நாற்பது ஈட்டிக்காரர்கள்.

முகத்துக்கு முதலில் பழுப்பு.
பிறகு அதைவிடக் கொஞ்சம் பயந்த பழுப்பு.
மூக்கு நுனிக்கும்
வெயில் படுமென்று நான் நம்பும் கன்னமேட்டுக்கும்
ஒரு துளி தந்தநிறம்.
கண்ணை மூச்சடக்கித்தான் வைக்க வேண்டும்.
தப்பினால் ஆள் முழிக்கிறான்.
இன்னும் தப்பினால்
தன் மூக்கையே பார்த்துக்கொண்டு சாகப்போகிறான்.
இருபத்து மூன்றாவது ஆளுக்கு மாறுகண்.
அழிக்கவில்லை.
ஒரு படையில் ஒருவனுக்காவது
இரண்டு பக்கமும் தெரியட்டும்.

காலடிக்குச் சலித்த மணல்,
கடையில் வாங்கிய புல்கற்றை,
அதில் வெள்ளைப் பொட்டுகள்.
பொட்டலத்தில் ஏதோ பனிமலைப் பூவின் பெயர் இருந்தது.
நான் தும்பை என்றே ஒட்டினேன்.
போருக்குப் போகிறவன் வேறெதைச் சூடுவான்?

டிசம்பர்.
ஞாயிறு ஆட்டம், எதிரில் கியாம் ஹுவாட்.
அதற்குள் வார்னிஷ் அடித்தாக வேண்டும்.
மழை கொஞ்சம் விட்ட நேரம்
காலணிப் பெட்டியோடு
கார்நிறுத்த மேல்தளத்துக்குப் போனேன்.
ஈரப்பதம் தொண்ணூற்று நான்கு என்றது கைப்பேசி.
தெரியும் என்றேன்.
தெரிந்தே செய்வதற்கு
எங்கள் வீட்டில் கொழுப்பு என்று பெயர்.

பத்தே நிமிடம்.
திருநீற்றில் புரட்டி எடுத்ததுபோல்
நாற்பது பேரும் வெளுத்தார்கள்.
மூன்று மாதத்துச் சிவப்பு
எங்கே போனதென்றே தெரியவில்லை.
மின்தூக்கியில் ஒன்பதாம் மாடி நோர்லியா
பெட்டிக்குள் எட்டிப் பார்த்து
"குவேயா?" என்றாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அழுவதற்கு முன் படமெடுத்து வைப்பது என் பழக்கம்.
பக்கம் அறுத்த அட்டைப்பெட்டி,
வெண்ணெய்த்தாள், இரண்டு மேசைவிளக்கு,
பின்னால் நீல அட்டை.
மைலோ டின்னில் சாய்த்த கைப்பேசிக்கு
இரண்டு நொடி அவகாசம்.
என் நாடி துடித்தாலே படம் ஆடும்.
முன்வரிசை தெளிந்தால் பின்வரிசை மங்கும்,
ஆகவே ஏழு படம், ஏழையும் ஒன்றாக்க வேண்டும்.

திரையில்
விடிந்துகொண்டிருந்தது.
எந்த ஆறு என்று தெரியவில்லை, ஆனால் ஒரு கரை.
கேடயங்களில் பனி தங்கியிருந்தது.
யாரும் இன்னும் யாரையும் கொல்லவில்லை.

பெரிதாக்கினேன்.
ஈரம் காயுமுன் நான் பிடித்த ஒருவன் முதுகில்
என் கட்டைவிரல் ரேகை.
வங்காள விரிகுடாவில் சுழலுமே, வானிலைப் படத்தில்,
அவன் அளவுக்கு அது அப்படி.

எண்ணெய் தொட்டால் நிறம் திரும்பும் என்பார்கள்.
ஆலிவ் இல்லை, நல்லெண்ணெய்தான் இருந்தது.
மாறுகண்ணனில் சோதித்தேன்.
சிவப்பு குபீரென்று வந்தது.
சனிக்கிழமை வேறு,
எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கிளம்பியவன் மாதிரி
பனிக்குள் அவன் ஒருவன் மட்டும் பளபளத்தான்.
மற்றவர்களை அப்படியே விட்டேன்.

"இந்த மூடுபனி என்ன வண்ணம்?
எந்தக் கடை?"
கியாம் ஹுவாட் கேட்டுக்கொண்டே பகடையை உருட்டினான்.
சொல்லவில்லை.
முதல் சுற்றிலேயே எனக்கு ஒன்று விழுந்தது.
எண்ணெய் மணக்க
அவனைத்தான் முதலில் எடுத்து வெளியே வைத்தேன்.
தே பெங் கோப்பையின் ஈரவட்டத்துக்குள்
இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றான்.