கிழங்கின் தலை

கொழும்பு ஏழில், குளிரூட்டிய மண்டபத்தில்
மண்ணைப் பற்றி மூன்று நாள் பட்டறை.
மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று பேசி
என் நாக்கை வாடகைக்குக் கொடுத்திருந்தேன்.

திரையில் ஒரு குளம்.
அணைக்கட்டுக்குக் கீழே மரங்கள், புல், அப்பால் வயல்.
'பெர்மாகல்ச்சருக்கு அருமையான உதாரணம்' என்றார் பயிற்றுநர்.
படம் எடுத்தவர் பெயர் கீழே இருந்தது.
குளம் வெட்டியவர்களுக்குரிய இடத்தில்
'பாரம்பரியம்' என்று ஒரு சொல்.
அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்,
பிழையேதும் இல்லாமல்.

கடைசி வரிசையில்
கொம்பனித்தெரு துவான் சல்டீன்.
ஐந்தாம் மாடி நடைவழியில், பெயின்ற் வாளிகளில்
ரம்பையும் வல்லாரையும் வளர்ப்பவர்.
'உங்கள் காணி எத்தனை பேர்ச்சஸ்?' என்ற படிவத்தில்
'பன்னிரண்டு வாளி' என்று எழுதியிருந்தார்.

பிறகு யோகவதி.
வாகரைப் பக்கத்து வேடுவப் பெண், வயது முப்பத்தொன்று.
இராப் பஸ்ஸின் கால்வீக்கம் இன்னும் வடியவில்லை.
நிகழ்ச்சி நிரலில் அவளுக்குப் பத்து நிமிடம்,
'ஆசீர்வாதம்' என்ற தலைப்பில்.
ஆசீர்வதிக்க அவள் வந்திருக்கவில்லை.

'காட்டுவள்ளி தோண்டுறண்டா நாங்க
கொடி காட்டுற பக்கம் தோண்டுவம்.
கிழங்க எடுத்துப்போட்டு
தலைய கொடியோட திரும்ப வெச்சு மண் மூடுவம்.
அடுத்த மாரிக்கு அது திரும்பக் கிழங்கு வெய்க்கும்.'

'நாங்க' என்றாள்.
ஆங்கிலத்தில் சொன்னேன். சிங்களத்தில் சொன்னேன்.
மண்டபம் முழுவதும் தலையசைத்தது.
அந்த இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லுக்கு வேலி கிடையாது;
எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.
வேலி எனக்குத் தெரிந்தது. பின்வரிசையில்
சல்டீனுக்கும் தெரிந்திருக்கும், இருமினார்.
நான் பேசாமலிருந்தேன்.
மணித்தியாலக் கணக்கில் விளக்கவுரை சேராது.

ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர்தான்,
சப்பாத்தில் மெய்யான சேறு.
'இதைப் படம்பிடித்துக் கையேட்டில் சேர்க்கலாமா?
எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டிய அறிவு.'

யோகவதி அவரைப் பார்த்தாள், பிறகு என்னை.
'கேளுங்க அக்கா,
எடுத்துப்போட்டு என்னத்தத் திரும்ப வெய்ப்பாங்க?'

இதை மொழிபெயர்க்க நேரமெடுத்தது.
குளிரூட்டி இரைவது கேட்டது.
பணம் என்றார் ஒருவர், மெதுவாக.
பெயர் என்றார் இன்னொருவர்.
இரண்டையும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.
'எங்கட காட்டுக்கு இப்ப எல்லைக்கல் நட்டிருக்கு.
தோண்டப் போனா வழக்கு.
கையேட்டில அதையும் போடுங்க,
முதல் பக்கத்தில.'

அப்போதுதான் கூலிக்கு வெளியே ஒரு வேலை செய்தேன்.
'முன்பு நான் சொன்னதில் பிழை இருக்கிறது' என்றேன் ஒலிவாங்கியில்.
'தமிழில் அந்தச் சொல் இரண்டு.
முதலாவதில் நீங்கள் இருக்கிறீர்கள்.
இரண்டாவதில் இல்லை.
அவர் சொன்னது இரண்டாவது.'

பேனாக்கள் நின்றன.
பயிற்றுநர் எதையோ அழுத்தினார்;
திரையில் குளம் அணைந்தது.

பத்து நிமிடம் ஒன்றேகால் மணியாயிற்று.
வாளிக்குள் வேர் முட்டினால் என்ன செய்வதென்று
சல்டீன் கேட்டார்.
'வாளியில நான் வளத்ததில்ல. நீங்கதான் சொல்லணும்.'
அவர் சொன்னார், பாதி கையால், பாதி வாயால்:
எப்போது கவிழ்ப்பது, எந்த வேரை விடுவது,
தேங்காய்ப் பொச்சை எந்தப் பக்கம் வைப்பது.
என் குறிப்புத்தாளில் ஒன்றைக் கிழித்து வாங்கி
அவள் எழுதிக்கொண்டாள்.
முடித்ததும் அவர் பெயரைக் கேட்டு,
எழுத்துக்கூட்டி,
எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள்.

சோற்றுப் பார்சல்கள் வந்தன.
'வாங்க, நாம சாப்பிடுவம்' என்றாள்,
யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

மொழிபெயர்த்தேன்.
இரண்டு மொழியிலும் அதே பழைய சொல்.
எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள்.
சேற்றுச் சப்பாத்துக்காரர் மட்டும்
என்னருகே வந்து நின்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
இப்போது சொன்னது
முதலாவதா, இரண்டாவதா?