கணக்கு டியூஷன்

முதல் ஆள் சுங்கைப் பட்டாணியில்.
முக்கால் மணி நேரம் என்னிடமே பேசினார்:
கைப்பேசியைப் பிடுங்குங்கள்,
காலையில் ஓட விடுங்கள்.
தர்வின் நாற்காலியின் கிழிந்த ரெக்ஸினை
இன்னும் கொஞ்சம் கிழித்துக்கொண்டிருந்தான்.
நூற்றைம்பது வெள்ளி.

இரண்டாம் ஆள் நல்லவர்தான்.
அழகான ஆங்கிலம், குளிரூட்டிய அறை.
கேட்டதற்கெல்லாம் "ஓகே" என்றான்.
அவன் ஓகே சொன்னால்
கதவைச் சாத்திவிட்டான் என்று அர்த்தம்.
அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அரசாங்க மருத்துவமனையில்
நான்கு மாதம் கழித்துத் தேதி தந்தார்கள்.
குளியலறைத் தாழ்ப்பாளை நான் கழற்றி
நான்கு நாள்தான் ஆகியிருந்தது.
திருகாணிகள் சட்டைப்பையில்
ஃபோர்க்லிஃப்ட் குலுங்கும்போதெல்லாம் குலுங்கின.

கொழுந்தியாளிடம் கணக்கு டியூஷன் என்றோம்.
அவள் விடவில்லை.
வாத்தியார் நம்பர் கொடுங்க மாமா,
எங்க வீட்டுக் கழுதைக்கும் கணக்கு வரல.

பிறகு தமிழ் பேசுகிறவராகத் தேடினேன்.
நம் மொழியில் சொன்னால்தானே
நெஞ்சிலிருப்பது வெளியே வரும்.
பிறையிலிருந்து ஈப்போ வரை விசாரித்து
ஒருவர் கிடைத்தார்; கிடைத்தே விட்டார் என்று
சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று சொன்னேன்.

"தமிழ் தெரியாத ஆளாப் பாருங்கப்பா"
என்றான் தர்வின்.
ஒரு வாரத்தில் அவன் பேசிய முழு வாக்கியம்
அது ஒன்றுதான்.

ஏன் என்று அவன் அம்மா கேட்டாள்.
நான் கேட்கவில்லை.
வீட்டில் நான் அவனை ஏசியது எல்லாமே தமிழில்தான்.
ஒவ்வொரு சொல்லாக
மனத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட்டுத்
தட்டைக் கழுவப் போனேன்.

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கு மேலே,
செங்குத்தான படியேறினால் மிஸ் தியோ.
என்னைவிடக் குள்ளம், காலில் ரப்பர் செருப்பு.
என்னை வெளியே உட்காரச் சொன்னார், மலாயில்.
அவனிடம் கேட்ட முதல் கேள்வி காதில் விழுந்தது:
சாப்பிட்டாயா?
பதில் வர வெகுநேரம் ஆனது.
அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.
கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்தார்கள்,
நிறுத்தினார்கள், மறுபடி அடித்தார்கள்.

மூன்றாம் வாரம்
கதவுக்குப் பின்னாலிருந்து மலாயில் ஓர் அழுகை.
அழுகைக்கு ஏது மொழி என்பார்கள்.
எனக்கு அது மலாயில்தான் கேட்டது.
எழுந்து போகவா வேண்டாமா என்று தெரியாமல்
தலைக்கவசங்கள் இரண்டையும்
மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நன்றாகிவிட்டான் என்று சொல்ல வரவில்லை.
நேற்றுகூடச் சாப்பிடவில்லை.
தாழ்ப்பாள் இன்னும் மாட்டவில்லை.

ஆறாம் வாரம், திரும்பும் வழியில்,
பாலத்தின் நடுவே, இரண்டு பக்கமும் கடல் கறுத்திருக்க,
முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னான்.
காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.
எந்த மொழியில் என்றுகூடத் தெரியவில்லை.

வேகத்தைக் குறைத்தேன்.
பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள்
ஹார்ன் அடித்தன.
அடிக்கட்டும்.