பதினைந்து ரூபாய் அப்பா

முதலில் ஆணி.
அட்டைச் சுவர். ஓங்கி அடித்தால்
அந்தப் பக்கத்துக் கோர்ட் செட்டில்
ஜட்ஜின் காதுக்குப் பின்னால் முனை எட்டிப் பார்க்கும்.
பிறகு அவர்.
பிறகு சந்தனச் சீவல் மாலை.
பூமாலை கூடாது, விளக்குச் சூட்டில் வாடிவிடும்,
செவ்வாய்க்கிழமை செத்தவர் புதன்கிழமை பழசாகிவிடுவார்.

இப்படித்தான் பதினொரு வருடம்
அந்தேரி ஸ்டூடியோவில்
இக்திதார் ஹுசைனை நான் மாட்டினேன், கழற்றினேன்.

நோட்டீசில் அவர் பெயர் மாஸ்டர் நிரஞ்சன்.
ஊமைப் படக் காலத்தில்
ஓடும் ரயிலின் கூரைமேல் வாள் சுழற்றியவர்.
பரேலில் மில் ஆட்கள் எறிந்த காசில்
ஒரு திரையே கிழிந்ததாம்.
அவர் சொன்னதுதான்.
எறிந்த ஒருவனையும் நான் சந்தித்ததில்லை.

படம் பேச ஆரம்பித்ததும்
அவருக்கு ஒரே ஒரு வரி கொடுத்தார்கள்:
படகு தயார், இளவரசி.
முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது.
பதினேழு டேக்.
ஃபிலிம் விற்ற விலையில்
படகை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

மிஞ்சியது ஒரு போட்டோ.
தலைப்பாகை, முறுக்கு மீசை,
யாரோ பாக்கி தரவேண்டியது போல ஒரு பார்வை.
வெளிவராத படத்தின் ஜமீன்தார்.
இறந்துபோன தகப்பனுக்கு
இதைவிட என்ன வேண்டும்?
வசனமும் கிடையாது.

மாதத்தின் முதல் திங்கள்
மாஹிமிலிருந்து லோக்கல் ஏறி வருவார், வாடகை வாங்க.
படத்துக்குப் பதினைந்து ரூபாய்.
"இ... இந்த முறை யாருக்கு அப்பா?"
"ஒரு திருடனுக்கு."
"போன மாதம்?"
"அவனைப் பிடித்த இன்ஸ்பெக்டருக்கு."
கையெழுத்துப் போட்டபடி சொல்வார்,
"ஒருவனையாவது நான் ஒழுங்காக வளர்த்தேனே."

காலையில் அவர் முன் மண்டியிட்டு
கிளிசரின் வடிய ரத்தச் சத்தியம் செய்த கதாநாயகன்
மதியம் கேன்டீனில்
"பெரியவரே, இது காலிதானே?" என்று
அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான்.
அவர் தலையாட்டினார்.
மகன் சாப்பிடட்டும் என்பது போலவும் இருந்தது.

ஒரு படத்தில்
அம்மா பொய் சொல்லும்போது படம் விழவேண்டும்.
கயிறு என் கையில்.
நான்கு டேக், நான்கு கண்ணாடி.
விளக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று
ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டார்.
பேக்கப் ஆனதும் நேராக மேனேஜரிடம் போனார்:
"கு... குதிக்கிறதுக்குத் தனி ரேட் உண்டே?"
சிரிப்பு அடங்கிய பிறகு
விழுந்ததற்கு எட்டணா வீதம் இரண்டு ரூபாய் கொடுத்தார்கள்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அந்த ஜூலையில்
தண்டவாளம் மூழ்கி வண்டிகள் நின்ற வாரம்
முதல் திங்கள் வந்தது. அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முனீரா வந்தாள்.
சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கதவருகே நின்றாள்.
வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை.
சுவரில் மாட்டமாட்டார்கள்,
பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வாளாம்.
மாலையைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவள் நெற்றியையே பார்த்தாள்.
"அந்தத் திலகம்..."

கண்ணாடிமேல்தான் இட்டிருந்தேன், லிப்ஸ்டிக்கால்.
மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.
அடியில் ஒரு தழும்பு,
நெல்மணி அளவு.
ரயில் கூரையோ
சமையலறைக் கதவோ.
அவளுக்கும் தெரியவில்லை.

பதிவேட்டில் "உடைந்தது" என்று எழுதினேன்.

இரண்டு மணி ஷிஃப்டுக்கு
சுவரில் வெறும் ஆணி.
டைரக்டர் வந்தார், பார்த்தார்,
கடிகாரத்தையும் பார்த்தார்.
"சரி, இந்த வீட்டில் அப்பா சாகவேண்டாம்.
நாசிக் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று
ஒரு வரி சேர்."

அம்மாவின் வெள்ளைப் புடவையை மாற்ற
காஸ்ட்யூம் பையன் ஓடினான்.
ஆணியைப் பிடுங்க மறந்துவிட்டேன்.
அந்தப் படத்தில் அது தெரியும்,
கதவுக்கு வலது பக்கம்,
வளையல் போட்டுக்கொண்டு அவள்
வாசலையே பார்க்கும் காட்சியில்.