நொச்சிக்குப் பாலம் இல்லை

ஆறு மேடேறாது என்றேன்.
என் நாட்டில் ஏறும் என்றாள் சுகிர்தா,
அடுப்பிலிருந்த பாலைப் பார்த்தபடி.
நான் வனத்துறையில் நில அளவையாளன்.
தண்டர் பேக்கு வடக்கே
சதுப்பையும் பாறையையும் அளந்து சம்பளம் வாங்குபவன்.
இல்லாத நாட்டுக்குப் படம் வரையச் சொன்னால்
அளவுவீதம் என்ன என்றுதானே முதலில் கேட்பேன்.
"ஒரு சிறுமி ஒரு நாளில் நடக்கிற தூரம், ஓர் அங்குலம்."
"சிறுமிக்கு என்ன வயது?"
"பதினொன்று. பெயர் தும்பி. இடது காலில் செருப்பு இல்லை."
அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

டொராண்டோவில் ஒரு சிறு பதிப்பகம்,
ஆயிரத்து இருநூறு பிரதிகள்.
யாளியை டிராகன் ஆக்கினால் விற்கும் என்றார்கள்.
முடியாது என்று மூன்று கடிதம் போட்டாள்.
உள்ளே யாளி தப்பியது. அட்டையில்
பச்சை டிராகன் ஒன்று நெருப்புக் கக்கியது.

முற்றுகையில் கிடக்கும் கோட்டைக்கு நொச்சி என்று பெயர்.
ஏன் நொச்சி என்று வானொலியில் கேட்டார்கள்.
"ஒலி பிடித்திருந்தது" என்று சொல்லிவிட்டு
கார்க் கதவைச் சாத்தியபின்
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பள்ளிக்கூடங்களுக்கு நான்தான் சாரதி.
கெனோராவில் பனிப்புயல், ஒன்பது பிள்ளைகள்.
ஒருவன் கையை உயர்த்தினான்:
நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள்?
"இன்றைக்கா? பெட்ரோல் போக, நட்டம் நாற்பது டாலர்."
அவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

தாள் விலை ஏறிய வருடம்
மூன்றாம் புத்தகத்தில் என் படத்தை எடுத்துவிட்டார்கள்.
நான்காவதோடு தொடரையே.
ஐந்தாவது, கடைசி வரி வரை எழுதி முடித்த ஐந்தாவது,
நிலவறைக்குப் போனது,
படியில் தூவுகிற உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.
ஏரி உறைந்தது.
தானியக் கோபுரங்கள் வேலையற்று நின்றன.
அவள் மருத்துவமனை வரவேற்பில் இரவு வேலைக்குப் போய்
அந்நியர்களின் பெயர்களைப் பிழையில்லாமல் தட்டச்சினாள்.
என்ன எழுதுகிறாய் என்று
நான் இரண்டு வருடம் கேட்கவில்லை.

பிறகு பெரியவர்களுக்கு எழுதினாள்.
அதே தும்பிதான். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி,
காணி வழக்கு ஒன்று. யாளிக்குப் பல் விழுந்திருந்தது.
ஒரு பரிசின் குறும்பட்டியல் வரை போனது அந்தப் புத்தகம்.
பெரியவர்களுக்கு வரைபடம் தேவையில்லை என்றார் பதிப்பாசிரியர்,
அவர்களுக்கு வழி தெரியுமாம்.

போன ஏப்ரலில் நகர நூலகம்
பழையதுகளைக் கழித்தது, ஒன்று ஐம்பது சதம்.
முதல் புத்தகம் முதுகு பிய்ந்து கிடந்தது.
அவள் உதடசைய முத்திரைகளை எண்ணினாள். எண்பத்தாறு.
நான் வரைபடத்தை விரித்தேன்.

நொச்சிக்கு எதிரே, ஆற்றின் குறுக்கே,
நீல மையில் யாரோ ஒரு பாலம் போட்டிருந்தார்கள்.
அடிமட்டம் பிடிக்காத கை.
வேறொரு கையெழுத்தில்: இங்கே நாய் இருக்கிறது.
பென்சிலில் ஒரு மிட்டாய்க் கடை.
காட்டுக்குள் ஒரு பெருக்கல் குறி: நான் இங்கே பயந்தேன்.

அப்போதுதான் உறைத்தது.
பக்கம் இருநூற்றுப் பதினான்கில்
தும்பி கோட்டையை விட்டு வீட்டுக்கு வருகிறாள்.
நான் போட்ட படத்தில்
அவள் வர வழியே இல்லை.
இருபத்தேழு ஆண்டு. அளவையாளன்.

"தெரியும்" என்றாள் சுகிர்தா.
"முதல் கிழமையே ஒரு பிள்ளை கடிதம் போட்டது.
நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று..."
மிச்சத்தைச் சொல்லாமல் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

ஐந்தாவதை மேலே கொண்டுவந்திருக்கிறோம்.
தாளெல்லாம் உப்பு ஈரம்.
நேற்று அதில் ஒரு நாயைச் சேர்த்தாள்.
நான் பாலத்தைக் கறுப்பு மையில் வரைகிறேன்,
அந்தக் கோணல் போகாமல்.
ஆறு இன்னமும் மேடேறிக்கொண்டுதான் இருக்கிறது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.